மலைக்காரனுக்கு ஒன்றும் வராது

முன்னாள் ராணுவத்தாருக்கான மருத்துவ நிலையத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் இளம் டாக்டர்களுக்கு நாலு வார்த்தை சொல்லச் சொல்லியிருக்கிறார்கள். மருந்தைப் பற்றிச் சொல்ல மாட்டேன். நான் படித்த காலத்தில் மனப்பாடம் செய்த மருந்துகளில் பாதி இப்போது கடையிலேயே கிடையாது. அந்த விஷயத்தில் நீங்கள் என்னை விட விவரமானவர்கள். நான் சொல்லப் போவது ஒரு சுபேதாரையும் ஒரு நாயக்கையும் பற்றி. படையில் நாயக் என்பவர் சுபேதாருக்குப் பல படி கீழே. இருவரும் ஒரே கம்பெனியில் வேலை பார்த்து, ஒரே காலத்தில் ஓய்வு பெற்றவர்கள். ஒருவர் திருவனந்தபுரம் நகரத்துக்குள் குடியேறினார், மற்றவர் மலைக்குத் திரும்பிப் போனார். அதனால் வந்த வினைதான் இந்தக் கதை.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய முதல் சில வருஷங்கள். அரசாங்க ஆஸ்பத்திரி வேலையிலிருந்து ஓய்வு பெற்று, வலியசாலை வீட்டில் சும்மா உட்கார முடியாமல், ஒப்பந்த டாக்டராக அங்கே சேர்ந்திருந்தேன். கதவு திறக்க நான் போகும்போதே வாசலில் நகரத்து ராணுவம் அணிவகுத்திருக்கும். காலை நடை முடித்து, தேநீர் குடித்து, பத்திரிகை படித்துவிட்டு நேராக எங்களிடம் வருவார்கள். ஒருவர் தன் ரத்த அழுத்தத்தைச் சொல்வார், இன்னொருவர் அதை விடக் கூடுதலாகத் தன்னுடையதைச் சொல்வார். கிரிக்கெட் ஸ்கோர் தோற்றுப் போகும். யாருக்காவது எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டால், அவர் முகம் வாடிவிடும். கூட்டத்தில் அன்று அவருக்குப் பேச ஒன்றும் இருக்காது அல்லவா?

அந்தக் கூட்டத்துக்குத் தளபதி சுபேதார் பரமசிவம் பிள்ளை. கரமனையில் வீடு. நரைத்த மீசை, இஸ்திரி போட்ட சட்டை, கையில் தன் எக்ஸ்ரேக்கள் அடங்கிய பெரிய பை. பத்திரிகையில் ஞாயிற்றுக்கிழமை மருத்துவப் பக்கத்தில் எந்த உறுப்பைப் பற்றி எழுதியிருக்கிறார்களோ, திங்கட்கிழமை அவருக்கு அந்த உறுப்பில் கோளாறு. நானும் நர்ஸும் ஞாயிறு மாலையே பத்திரிகையைப் பார்த்துத் தயாராகிவிடுவோம்.

"டாக்டரே, இடது பக்கம் இங்க ஒரு பிடுத்தம், கேட்டா. பித்தப்பைதானே?"

"பித்தப்பை வலது பக்கம் இருக்கு, சுபேதார்."

"ஓ! அப்போ அங்கேயும் லேசா இருக்கு."

அவருக்கு உண்மையாகவே சர்க்கரை நோய் இருந்தது. ரத்த அழுத்தமும் கொஞ்சம் உண்டு. இரண்டும் மாத்திரையில் அடங்கியிருந்தன. ஆனால் இதயத்தில்தான் அவருக்குப் பேராசை. ஈசிஜி எடுக்கச் சொல்லிக் கெஞ்சுவார். எடுத்துப் பார்த்து "நன்னா இருக்கு" என்றால், "மெஷின் பழசு, அல்லே?" என்பார்.

எங்கள் நிலையத்துக்குப் பொறுப்பாளர் ஒரு ஓய்வு பெற்ற கர்னல். மலையாளி. தமிழ்ச் சிப்பாய்களோடு பல வருஷம் இருந்ததால் தமிழ் பேசுவார். நல்ல மனிதர், நேர்மையானவர், அவரிடம் ஒரே ஒரு சித்தாந்தம் மட்டும் இரும்பு மாதிரி உறைந்திருந்தது. மாதாந்திரக் கூட்டத்தில் ஒவ்வொரு முறையும் அது வெளியே வரும்.

"டாக்டர், இந்த டவுண்காரன்மாரைப் பாருங்க. தினம் இருமல், தினம் வாயு. வித்துரா மலைப் பக்கத்து ஆளுங்க ஒருத்தனாவது வர்றானா? வரில்லா! ஏன்? மலையேறி நடக்கறான், கப்பைக்கிழங்கு திங்கறான், நல்ல காத்து. மலைக்காரனுக்கு ஒண்ணும் வராது, மனசிலாயோ?"

எனக்கு அதில் சந்தேகம் இருந்தது. மலையிலிருந்து எங்களிடம் வர இரண்டு பஸ் மாற வேண்டும். ஒரு நாள் வேலை போகும். கரமனைக்காரர் வந்து ஏப்பத்தைக் காட்டிவிட்டு மதியச் சாப்பாட்டுக்குள் வீடு போய்ச் சேர்ந்துவிடலாம். வராதவனுக்கு நோய் இல்லை என்று எப்படிச் சொல்வது? பள்ளிக்கூடத்துக்கு வராத பையன் எல்லாப் பாடமும் படித்துவிட்டான் என்று எந்த வாத்தியாராவது சொல்வாரா? ஆனால் சந்தேகத்தைக் கர்னலிடம் காட்ட எனக்கு ஒரு மலைக்காரர்கூட அகப்படவில்லை.

அகப்பட்டார் ஒருநாள். போனக்காடு பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துக் குடும்பம். திருநெல்வேலியிலிருந்து தோட்ட வேலைக்கு வந்தவர்களின் வாரிசு. பெயர் நாயக் ஞானமுத்து. ஒல்லியான, உயரமான, தேக்கு நிறத்து மனிதர். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. விறைப்பாக நின்றபடி, "வீட்டுக்காரிக்கு முட்டு வலிம்மா. மருந்து குடுத்தா நல்லாருக்கும்" என்றார்.

"உங்களுக்கு?"

"நமக்கு ஒண்ணுமில்ல."

அவர் வலது கால் பெருவிரலில் பழைய வேட்டித் துணி சுற்றியிருந்தது. "அது என்ன?" என்று கேட்டேன்.

"கல்லு தட்டிட்டும்மா."

"எப்போ?"

கொஞ்சம் யோசித்தார். "மழைக்கு முன்னாடி."

மழைக்காலம் முழுசும் பெய்து ஓய்ந்து, வெயில் காய்ந்துகொண்டிருந்த நேரம் அது. கல் தட்டிய விரல் இத்தனை காலம் ஆறாமல் இருக்கிறதென்றால் உங்களுக்கு என்ன தோன்றும்? எனக்கும் அதேதான் தோன்றியது. "சித்த இருங்கோ, விரல்லேர்ந்து ஒரு சொட்டு ரத்தம் பாத்துடலாம்" என்று சொல்லி, சர்க்கரை பார்க்கும் கருவியை எடுக்க அடுத்த அறைக்குப் போனேன். திரும்பி வந்தால் ஆள் இல்லை. மனைவியின் மருந்தை மட்டும் வாங்கிக்கொண்டு பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டார். எதிரியின் எல்லையிலிருந்து பின்வாங்குவது போல, ஒரு சத்தமும் இல்லாமல்.

வாசலில் உட்கார்ந்திருந்த சுபேதார் சிரித்துக்கொண்டே உள்ளே வந்தார். "போனது நம்ம முத்துவாக்கும், டாக்டரே. என் செக்‌ஷன்ல இருந்தவன். அவன் சுகமில்லைன்னு வாயைத் திறந்து சொன்னதே கிடையாது."

"ஏன்?"

"பட்டாளத்தில உடம்பு சரியில்லைன்னு சொன்னா யாரு விசுவசிப்பா? வேலைக்கு மடியன்னு சொல்லுவாங்க. நானே எத்தனை பேரை விரட்டியிருக்கேன்! வயித்து வலின்னு வந்தா மைதானத்தை நாலு சுத்து ஓட விட்டுருவேன். வலி பறந்துபோகும்."

"நீங்க இப்போ தினம் இங்க வரேளே, உங்களை யாரு ஓட விடறது?"

அவர் மீசையைத் தடவிக்கொண்டார். "அது சர்வீஸ்ல இருந்த காலம். இப்போ ரிட்டயர்டு ஆயாச்சு அல்லே? இப்போதான் எல்லாத்தையும் சேர்த்துச் சொல்றேன்."

அன்றிலிருந்து கர்னலை நச்சரிக்கத் தொடங்கினேன். அவர்கள் இறங்கி வரமாட்டார்கள், நாம் ஏறிப் போவோம் என்றேன். டீசல் வீண் என்றார். ஆறாத விரலைப் பற்றிச் சொன்னேன். ஒரு விரலுக்காக ஒரு வேனா என்றார். கடைசியில், பழைய சிப்பாய்களைப் பார்த்து நாளாயிற்று என்ற ஆசையில்தான் சம்மதித்தார் என்று நினைக்கிறேன். "வாங்க, ஆரோக்கியமான ஆள்களைப் பாத்துட்டு வரலாம்" என்றார்.

செய்தி கேட்டதும் சுபேதார் தானாகவே தொண்டராகச் சேர்ந்துகொண்டார். அவர் வைத்த நிபந்தனை ஒன்றுதான்: ஈசிஜி மெஷினும் வர வேண்டும். பேட்டரியில் ஓடும் சின்ன மெஷின் ஒன்று எங்களிடம் இருந்தது. மலைக்காரர்களின் இதயத்துக்காகவா, தன்னுடையதற்காகவா என்று நான் கேட்கவில்லை. கேட்காமலே எனக்குத் தெரியும். அந்தப் பேராசைக்கு இன்றும் நான் நன்றி சொல்கிறேன்.

வித்துராவைத் தாண்டி, பொன்முடிக்குப் போகும் வழியில், ஒரு மேட்டின் மேலிருந்த பள்ளிக்கூடத்தில் முகாம். வேன் மேட்டடி வரைதான் போகும். மேலே ஏறுவதற்கு நல்ல சரிவான பாதை. சுபேதாரை மெதுவாக வரச் சொல்லிவிட்டு, நானும் கர்னலும் நர்ஸும் சாமான்களோடு முன்னால் போனோம். மேலே போய்ப் பார்த்தால், முற்றத்தில் ஒரு ராணுவமே நிற்கிறது! முகச் சவரம் செய்து, எண்ணெய் தடவி வாரி, சட்டையில் பதக்கங்களைக் குத்திக்கொண்டு வரிசையாக விறைப்பில் நிற்கிறார்கள். கர்னல் வருகிறார் என்றுதான் அவர்கள் காதில் விழுந்திருக்கிறது. டாக்டர் வருகிற விஷயம் யாருக்கும் தெரியவில்லை, அல்லது தெரிந்தும் பொருட்படுத்தவில்லை.

கர்னலுக்குக் கண் கலங்கிவிட்டது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வரிசையைப் பார்வையிடத் தொடங்கினார்.

"எப்படி இருக்கே?"

"நல்லாருக்கேன், சார்!"

"சீக்கு ஏதாவது?"

"இல்ல, சார்!"

வரிசையின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ஒரே பதில். ஒருவர் "இல்ல, சார்" என்று சொல்லிவிட்டு அடக்க முடியாமல் இருமினார்; பக்கத்தில் நின்றவர் அவர் முதுகில் ரகசியமாகத் தட்டிக் கொடுத்தார். இன்னொருவரின் இரண்டு கண்ணிலும் புரை. கர்னல் நின்ற திசைக்குக் கொஞ்சம் தள்ளி, ஒரு பலா மரத்துக்கு சல்யூட் அடித்தார். கர்னல் என்னிடம் திரும்பி, "பாத்தீங்களா, டாக்டர்?" என்றார். நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அந்த நேரத்தில்தான் சரிவிலிருந்து சத்தம். ஞானமுத்து மேலே ஏறி வந்துகொண்டிருந்தார். முதுகில் சுபேதார் பரமசிவம் பிள்ளை! கீழே வேனிலிருந்து இறங்கி நாலடி வைத்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்துவிட்டாராம். வீட்டிலிருந்து வந்துகொண்டிருந்த ஞானமுத்து, ஒரு வார்த்தை பேசாமல் அவரைத் தூக்கி முதுகில் போட்டு, அந்தச் சரிவு முழுவதையும் ஏறிவிட்டார். போர்க்களத்திலிருந்து அடிபட்டவரைத் தூக்கி வருவது போல வந்து, வகுப்பறையின் பெஞ்சில் இறக்கினார். கூட்டம் கைதட்டாத குறை.

சுபேதார் வெளிறியிருந்தார். உடம்பெல்லாம் வியர்வை, கையில் நடுக்கம். ஆனால் வாய் மட்டும் ஓயவில்லை.

"டாக்டரே, இது அதுதான். நான் அன்னைக்கே சொன்னேன் அல்லே? இடது கைக்கு வலி இறங்குது. தாடையிலும் வருது. ஈசிஜி எடுங்க. பையில பழைய ஈசிஜி எல்லாம் வரிசையா இருக்கு, ஒத்துப் பாக்கலாம்…"

"எடுங்க, டாக்டர்!" என்றார் கர்னல். "வேன் ஸ்டார்ட்டில் இருக்கு. எடுத்துட்டு உடனே அனுப்பலாம்."

சர்க்கரைக்காரருக்கு நெஞ்சுவலி என்றால் யாரும் விளையாடக் கூடாது. என்றாலும் ஒரு கேள்வி கேட்டேன். "காலம்பற என்ன சாப்பிட்டேள்?"

"ஒண்ணும் சாப்பிடலை. முகாம்னா வெறும் வயித்துல ரத்தம் எடுப்பீங்க அல்லே? அதுக்காகத்தான்."

"மாத்திரை?"

"அது கரெக்டா போட்டேன். மருந்தை விடுவேனா?"

வெறும் வயிறு. சர்க்கரையை இறக்கும் மாத்திரை. நெடிய பயணம். நர்ஸ் விரலில் குத்தி ஒரு சொட்டு எடுத்தாள். சர்க்கரை பாதாளத்தில் இருந்தது. "குளுக்கோஸைக் கரைச்சுக் குடு" என்றேன். கர்னலுக்கு நான் ஏதோ கல்யாண வீட்டில் பானகம் கொடுப்பது போல இருந்திருக்கும். முகம் சிவந்தது.

அப்போதுதான் தற்செயலாகக் கதவுப் பக்கம் பார்த்தேன். ஞானமுத்து நிலையில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். என்னிடம் வந்த அன்று நாற்காலியில்கூட உட்காராத மனிதர், சாய்ந்து நிற்கிறார். வியர்வை. சரிவேறியவருக்கு வியர்ப்பது இயல்புதான். ஆனால் மற்றவர்களுக்குக் காய்ந்த பிறகும் இவருக்குச் சொட்டிக்கொண்டிருந்தது. முகம் சாம்பல் பூத்திருந்தது.

"என்ன பண்றது உங்களுக்கு?"

"ஒண்ணு…" மூச்சு வாங்கினார். "…மில்லம்மா." இன்னொரு மூச்சு. "வாயு."

பிள்ளைகளே, உங்களுக்கு இதை மட்டும் நிதானமாகச் சொல்லிவிடுகிறேன். பெஞ்சில் ஒருவர் தன் நோயை முழு நீள வாக்கியங்களில், முற்றுப்புள்ளியோடு விவரிக்கிறார். கதவடியில் ஒருவரால் 'ஒண்ணுமில்ல' என்ற ஒரு சொல்லை ஒரே மூச்சில் முடிக்க முடியவில்லை. ஈசிஜி மெஷின் ஒன்று, வேன் ஒன்று, சுற்றிலும் கூட்டம், எதிரே கர்னல். என் கணக்கு தப்பி, சுபேதாருக்கும் நிஜமாகவே இதயம் அடைத்திருந்தால்? ஈசிஜிக்காக வருஷக்கணக்காகக் கெஞ்சிய மனிதரை, மெஷினைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே சாகவிட்டவள் என்ற பெயரோடு நான் மலையிறங்க வேண்டியிருக்கும். நர்ஸிடம் திரும்பிச் சொன்னேன்:

"மெஷினை இங்க கொண்டா. முதல்ல இவருக்கு."

"டாக்டர்!" கர்னலின் குரல் மைதானத்துக்கே கேட்டிருக்கும். "பேஷன்ட் அங்கே படுத்திருக்கான்! இவன் இப்போதான் ஒரு ஆளைச் சுமந்து மலையேறி வந்தவன்!"

"அதனாலதான் சார்" என்றேன்.

ஆனால் ஞானமுத்துவே ஒத்துழைக்கவில்லை. கர்னல் நிற்க, சுபேதார் இருக்க, ஒரு நாயக் சட்டையைக் கழற்றிப் போட்டுப் படுப்பதா? "மொதல்ல… சாரைப் பாருங்கம்மா" என்று சொல்லிக் கதவு நிலையை இன்னும் இறுகப் பிடித்துக்கொண்டார். நர்ஸ் கையைப் பிடித்து இழுத்தாள், நகரவில்லை. நான் கெஞ்சினேன், மிரட்டினேன். மலையை யார் நகர்த்துவது?

இதற்குள் பெஞ்சில் குளுக்கோஸ் தன் வேலையைத் தொடங்கியிருந்தது. சுபேதாரின் கண் தெளிந்தது. தலையைத் தூக்கிக் கதவுப் பக்கம் பார்த்தார். ஞானமுத்துவின் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு நடுங்கும் கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்து, ஓய்வு பெற்றதிலிருந்து எங்கே ஒளித்து வைத்திருந்தாரோ தெரியவில்லை, ஒரு குரலை எடுத்து முழங்கினார்:

"நாயக் ஞானமுத்து! சாவ்தான்!"

ஞானமுத்து விறைப்பானார். முற்றத்தில் நின்ற அத்தனை பேரும் விறைப்பானார்கள். கர்னலின் குதிகால்கூடச் சேர்ந்ததை நான் பார்த்தேன்.

"பெஞ்சுக்கு வா! லேட் ஜாவ்!"

படுத்துக்கொள் என்பதற்கு ராணுவ இந்தி அது. சுபேதார் பெஞ்சிலிருந்து தானே இறங்கித் தரையில் உட்கார்ந்தார். அந்தப் பெஞ்சில் ஞானமுத்து ஒரு முனகல் இல்லாமல் நீட்டிப் படுத்தார். படுத்த நிலையிலும் கைகள் பக்கவாட்டில் ஒட்டியிருந்தன.

ஈசிஜி தாளில் வந்த கோடுகளைப் பற்றி உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மாரடைப்பு, அதுவும் நடந்துகொண்டிருந்த மாரடைப்பு. விரலில் குத்திப் பார்த்தால், சுபேதாரிடம் குறைந்த சர்க்கரையெல்லாம் இவரிடம் போய்ச் சேர்ந்தது போல மேலே மேலே ஏறியிருந்தது. பல வருஷமாக உள்ளே இருந்து நரம்புகளை மரத்துப்போக வைத்திருக்கிறது. கால் விரலும் வலிக்கவில்லை, நெஞ்சும் சரியாக வலிக்கவில்லை. வாயு என்று அவர் சொன்னது பொய்யில்லை; அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

மாத்திரையை மென்று விழுங்கக் கொடுத்து, ஆக்சிஜன் வைத்து, பெஞ்சோடு தூக்கிக்கொண்டு இறங்கினோம். தூக்கியவர்களில் ஒருவர் அந்தப் புரைக்கண்காரர். பாதையில் அவரை மற்றவர்கள் "வலது, வலது" என்று ஓட்டி வந்தார்கள். வேனில் என்னோடு சுபேதாரும் ஏறிக்கொண்டார், வேண்டாம் என்றாலும் கேட்கவில்லை. நெடுமங்காடு வளைவுகள் முழுவதும் ஞானமுத்துவுக்கு ஒரே கவலை.

"சார், மாட்டை… கறக்கணும்."

"லே முத்து, பேசாதே."

"அவளுக்கு முட்டு வலி… குனிய முடியாது."

"நான் ஆளை அனுப்புறேன். வேணும்னா நானே கறக்கறேன், போதுமா?"

"உங்களுக்கு மாடுன்னா… பயமுல்லா, சார்?"

"கொஞ்சம் வாயை மூடுறியா!" என்று சீறிவிட்டு, சுபேதார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. அழுகிறாரா, சிரிக்கிறாரா என்று நான் எட்டிப் பார்க்கவில்லை.

வீட்டில் தகவல் சொல்ல கர்னலே போயிருந்தார். அங்கே நடந்ததைப் பிறகு அவரே எங்களிடம் சொன்னார். ஞானமுத்துவின் மனைவி முழங்காலைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்து, விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சிரித்தாளாம். "நெஞ்சு வலியா? அவியளுக்கா? வேற யாராவதாயிருக்கும் சார். அவியளுக்கு ஒண்ணும் வராது." அப்புறம் கர்னல் அந்த முற்றத்தில் நின்று, மலைக்காரனுக்கும் மாரடைப்பு வரும் என்று வாதாட வேண்டியதாயிற்று. காற்று, நடை, கப்பை எல்லாவற்றையும் அந்த அம்மாள் எடுத்துச் சொல்ல, ஒவ்வொன்றுக்கும் கர்னலே மறுப்புச் சொல்லியிருக்கிறார். கடைசியில் அவள் நம்பி அழத் தொடங்கியதும், என்ன செய்வதென்று தெரியாமல் மாட்டைக் கறக்க உட்கார்ந்தாராம். மாடு என்ன சொன்னது என்பதை மட்டும் அவர் எங்களிடம் சொல்லவில்லை. ஆனால் மறுநாள் நிலையத்துக்கு நொண்டிக்கொண்டு வந்தார். என்ன சார் என்று கேட்டதற்கு "ஒண்ணுமில்லை, டாக்டர்" என்றார்.

ஞானமுத்து பிழைத்துக்கொண்டார். நகரத்தில் பெரிய ஆஸ்பத்திரியில் இதயத்தைச் சரிசெய்து, சர்க்கரையை அடக்கி, விரலையும் காப்பாற்றிக் கொடுத்தார்கள். பார்க்கப் போனபோது கட்டிலருகே சுபேதார் உட்கார்ந்திருந்தார். முகத்தில் லேசான பொறாமை. இத்தனை வருஷம் தான் ஆசைப்பட்டதை, கேட்காமலே ஒருவன் அடித்துக்கொண்டு போய்விட்டானே!

"டாக்டரே, வந்தது வந்தாச்சு. இங்க மெஷின் புதுசு. எனக்கும் ஒண்ணு எடுத்துட்டா என்ன?"

எடுத்தார்கள். நன்றாக இருந்தது. அந்த முறை அவர் மெஷினைக் குறை சொல்லவில்லை.

அதற்குப் பிறகு மாதம் ஒருமுறை மலைக்கு வேன் போக வேண்டும் என்று கர்னலே உத்தரவு போட்டார். வேன் போயிற்று, ஆனால் பதில் மாறவில்லை. ஞானமுத்துவுக்கு நேர்ந்ததைக் கண்ணால் பார்த்தவர்களே, என் முன்னால் வந்து நின்றதும் "ஒண்ணுமில்லம்மா" என்றார்கள். எப்படிக் கேட்டாலும் அதேதான். சலித்துப்போய் ஒருநாள், எதிரே நின்றவரிடம் வேறு மாதிரி கேட்டேன்:

"சரி, உங்களுக்கு ஒண்ணுமில்லை. உங்க பக்கத்துல நிக்கறாரே, அவருக்கு என்ன?"

அணை உடைந்தது. "இவனுக்கா? ராத்திரி படுத்தா மூச்சு இழுக்கும்மா. எந்திச்சு உக்காந்துதான் உறங்குவான்." பக்கத்தில் நின்றவர் கோபத்தோடு திரும்பி, "என்னைச் சொல்லுதியோ! இவனுக்கு ஒண்ணுக்குப் போனா ரத்தம் வருதும்மா, கேளுங்க!" வரிசை முழுக்க ஒருவரை ஒருவர் காட்டிக் கொடுத்தார்கள். தன் வலியைச் சொல்வது கோழைத்தனம். தோழனின் வலியைச் சொல்லாமல் விடுவது துரோகம். அவர்கள் பயிற்சி அப்படி. அன்று முதல் நான் மலையில் யாரிடமும் அவருடைய உடம்பைப் பற்றிக் கேட்டதில்லை. இந்த ஒரு கேள்வியை உங்களுக்குத் தந்துவிட்டுப் போகிறேன், நகரத்திலும் பயன்படும்.

எப்படியென்றால், சில மாதம் கழித்து முகாமுக்கு வந்த ஞானமுத்துவிடம், மருந்தெல்லாம் சரிபார்த்து முடித்த பிறகு, விளையாட்டாகக் கேட்டேன். "உங்க சுபேதாருக்கு என்ன?"

நான் பித்தப்பையையோ சிறுநீரகத்தையோ எதிர்பார்த்தேன். அவர் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுத் தணிந்த குரலில் சொன்னார்.

"சாருக்கு வீட்ல பேச ஆளில்லம்மா. சம்சாரம் போயாச்சு. மவன் மஸ்கட்ல. எனக்கு மாடு இருக்கு, வீட்டுக்காரி இருக்கா, வழியில நாலு பேரு நிப்பாட்டிப் பேசுவான். அவருக்கு உங்க ஆஸ்பத்திரி வராந்தாதான்."

இத்தனை வருஷம் இடது பக்கமும் வலது பக்கமும் அழுத்திப் பார்த்த எனக்கு இது அகப்படவில்லை. மருந்துச் சீட்டில் எழுதவும் வழியில்லை. ஆகவே கர்னலிடம் பேசி, மலை முகாமின் முழுப் பொறுப்பையும் சுபேதாரிடம் ஒப்படைத்தேன். முகாமுக்கு முன்பே ஊர் ஊராகப் போய் ஆள் சேர்ப்பது, வரிசை பிடிப்பது, யார் யாரைப் பற்றி என்ன சொன்னார்கள் என்று எனக்குத் தகவல் கொடுப்பது, எல்லாம் அவர் வேலை. முகாமுக்கு முந்தின நாளே போய் ஞானமுத்து வீட்டில் தங்கத் தொடங்கினார். மாட்டுக்கும் அவருக்கும் ஏதோ உடன்பாடு ஏற்பட்டுவிட்டதாகக் கேள்வி.

ஒரு முகாம் நாள் நன்றாக நினைவிருக்கிறது. பள்ளி முற்றம் நிறையக் கூட்டம். சுபேதார் வெயிலில் நின்று, முகம் சிவக்கக் கத்தி, ஈசிஜிக்கு ஒரு வரிசை, கண்ணுக்கு ஒரு வரிசை என்று பிரித்துக்கொண்டிருந்தார். மதியம் வரை ஒருமுறைகூட என் மேஜைப் பக்கம் வரவில்லை. தன் பிரஷரைப் பார்க்கச் சொல்லவில்லை. நானே ஆள் அனுப்பிக் கூப்பிட்டு, வலுக்கட்டாயமாக உட்கார வைத்துக் கையில் பட்டையைச் சுற்றினேன். சற்றே கூடியிருந்தது.

"சுபேதார், கொஞ்சம் அதிகமா இருக்கு. படுங்கோ, இன்னொரு தடவை பாக்கறேன்."

"ஒண்ணுமில்லை டாக்டரே" என்று பட்டையை அவரே அவிழ்த்து மேஜையில் வைத்தார். "அப்புறம் பாக்கலாம். அங்க வரிசை கலையுது." சொல்லிவிட்டு முற்றத்துக்கு ஓடினார்.

நான் பட்டையை எடுத்துக்கொண்டு அவர் பின்னால் போனேன்.